ஸ்பீக்கரில் போட்ட குரல்

துபாயின் கராமாவில் இரவு ஒன்பது மணி என்றால் ஊரில் பத்தரை. பிள்ளைகள் தூங்கி, மாமியார் படுத்து, அடுப்படியைக் கழுவிவிட்டு மனைவி போனைக் கையில் எடுக்கிற நேரம். அந்த நேரத்தில் கராமாவின் தாழ்வான பழைய கட்டடங்களைச் சுற்றி ஒரு நடை போனால், படிக்கட்டில் ஒருவர், நிறுத்தியிருக்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒருவர், மூடிய கடையின் ஷட்டரில் சாய்ந்தபடி ஒருவர் என்று எங்கு பார்த்தாலும் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். தமிழ், மலையாளம், உருது, தகாலோக் எல்லாம் காதில் விழும். சாலையைக் கடந்து சபீல் பூங்காவுக்குப் போய்ப் புல்லில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் உண்டு.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள், இவர்கள் ஏன் அறைக்குள் உட்கார்ந்து பேசுவதில்லை என்று கேட்பார்கள். நானும் வந்த புதிதில் கேட்டேன். பெட் ஸ்பேஸில் ஒரு வாரம் தங்கினால் பதில் தானாகத் தெரிந்துவிடும். ஒரு ஹாலில் சுவரோரமாக இரண்டடுக்குக் கட்டில்கள். கட்டிலைச் சுற்றி ஒரு துணித் திரை. அந்தத் திரைக்கு உள்ளே இருப்பதுதான் நாம் வாடகை கொடுக்கும் வீடு. ஹோட்டலில் வேலை பார்ப்பவர் நள்ளிரவு தாண்டி வருவார். கம்பெனி பஸ் பிடிப்பவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுவார். எந்த நேரத்திலும் அந்த ஹாலில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தத் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் அவர் தூக்கக் கலக்கத்தோடு சாரத்தில் ஏறி நிற்க வேண்டும், அல்லது லாரி ஓட்ட வேண்டும்.

அதனால் அந்த அறைகளில் யாரும் எழுதி ஒட்டாத சட்டங்கள் இருந்தன. போன் எப்போதும் வைப்ரேஷனில். அலாரம் ஒரு முறை அடித்ததும் நிறுத்திவிட வேண்டும். அழைப்பு வந்தால் கதவைத் தாண்டிய பிறகுதான் "ஹலோ" சொல்ல வேண்டும். இரவில் போனின் வெளிச்சம் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். புதிதாக ஓர் ஆள் வந்தால் அறையின் மூத்தவர் முதல் நாளே சொல்லிவிடுவார்: "தம்பி, போன் வந்தா வெளியில போயிடு. தூங்குறவன் பாவம்." அதற்கு மேல் விளக்கம் கிடையாது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். போனில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த அறையில்தான்.

ஆனால் அந்தச் சட்டங்கள் எல்லாமே தூங்குகிறவருக்காகப் போட்டவை. போனின் மறுமுனையில் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் ஒரு மானம் உண்டு என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அதை நான் தெரிந்துகொண்டது பாபநாசம் பக்கத்து ஒரு கிராமத்தில்.

எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. கடிதம் எழுதினார்கள், கேசட்டில் பேசிப் பதிவு செய்து ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்துவிட்டார்கள். அமீரகத்தின் தொலைபேசி நிறுவனமான எதிசலாத் தொடங்கியது 1976இல். 1982இல் கைப்பேசி சேவையும் கொண்டுவந்தார்கள் என்றாலும், கூலிக்கு வந்தவன் கைக்கு அது வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை கார்டு வாங்கிப் போட்டு டெலிபோன் பூத்தில் நின்று பேசியவர்கள்தான் அதிகம். நிமிடத்துக்கு நிமிடம் காசு கரையும். நலம் விசாரித்து, பணம் அனுப்பிய விவரம் சொல்லி முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். அந்தப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டால் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் பூத்தில் நின்று பேசியவனின் குரல் அவன் காதோடு இருந்தது. வரிசையில் நின்றவர்கள் அவன் பேசியதைக் கேட்டிருக்கலாம், ஊரிலிருந்து அவன் மனைவி பேசியதைக் கேட்டிருக்க முடியாது.

இப்போது பேசக் காசு குறைவு. வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம். அதில் கூப்பிட்டுப் பேசுவதற்கு அமீரகத்தில் வழியில்லை என்பதால் அனுமதி பெற்ற போட்டிம் மாதிரியான செயலிகளில் பேசுகிறோம். மணிக்கணக்கில் பேசலாம். மணிக்கணக்கில் போனைக் காதில் வைத்திருக்க யாராலும் முடியாது. அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறோம்.

எங்கள் அறையில் ஒருவர் இருந்தார். மெஸ் முறை வைத்துச் சமைப்போம். அவர் முறை வரும் நாளில் போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவார். தூங்குகிறவர்கள் ஹாலில், இவர் சமையலறையில், நடுவில் கதவு சாத்தியிருக்கும். ஆகவே அறைச் சட்டப்படி குற்றமில்லை. நாங்கள் இரண்டு மூன்று பேர் காய் கழுவிக்கொண்டோ, சப்பாத்தி தேய்த்துக்கொண்டோ அங்கேதான் இருப்போம். கேட்காத மாதிரி இருப்பது எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது. ஆனால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் வீட்டு நகை கூட்டுறவு வங்கியில் அடகில் இருப்பது எங்களுக்குத் தெரியும். கொழுந்தனார் நிலப் பங்கு கேட்டுச் சண்டை போட்டது தெரியும். அந்தப் பெண் தஞ்சாவூரில் எந்த டாக்டரிடம், எதற்காகப் போய்வந்தாள் என்பதும் தெரியும். மாமியார் என்ன சொன்னார், அதற்கு அவள் பதில் சொல்லாமல் கொல்லைப் பக்கம் போய் அழுதாள் என்பதும் தெரியும். புருஷன் ஒருவன் காதில் மட்டும் விழுகிறது என்று நம்பி அவள் சொன்னவை எல்லாம் அந்தச் சமையலறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ஒரு முறை நான் லீவில் ஊருக்குப் போனபோது அவர் ஒரு பார்சல் கொடுத்துவிட்டார். பால் பவுடர், சோப்பு, கோடாலித் தைலம், பையனுக்கு ஒரு கால்சட்டை. வழக்கமான பார்சல்தான். கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமியார் வாசலுக்கு வந்து வரவேற்றார், காபி கொடுத்தார்கள். மகன் எப்படி இருக்கிறான், இளைத்துவிட்டானா என்று அந்தம்மா கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் கதவோரமாக நின்று சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் மோர் எடுத்துவர உள்ளே போனதும் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீங்களும் அவங்களும் ஒரே ரூமாண்ணே?"

"ஆமாம்மா."

"சமைச்சுக்கிட்டேதான் பேசுறேன், போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்னு நேத்துதான் சொன்னாங்க. அப்ப நீங்கள்லாம் பக்கத்துலதான் இருப்பீங்களாண்ணே?"

நான் என்ன சொல்வது? "நாங்க எங்க வேலையப் பார்த்துக்கிட்டு இருப்போம்மா, காதுல ஒண்ணும் விழாது" என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சிரிப்பு போய்விட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மோர் வந்தது. நான் கிளம்பும்வரை அவள் மறுபடி வெளியே வரவில்லை. வழியனுப்ப மாமியாரும் பையனும்தான் தெருமுனைவரை வந்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு மனசே சரியில்லை. அந்த வீட்டில் அவளோடு ஒன்றாக வாழ்கிற மாமியாருக்குத் தெரியாத விஷயங்கள், முன்பின் பார்த்திராத எனக்குத் தெரிந்திருக்கின்றன. அவள் என் எதிரில் நின்ற அந்த நிமிடம்தான் அது அவளுக்கே உறைத்திருக்கிறது. அவள் செய்த தவறு என்ன? தன் கணவனிடம் மனம்விட்டுப் பேசியது.

லீவு முடிந்து வந்ததும் அவரைச் சபீல் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "நாம என்ன அந்நியமா? எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் கொடுக்குறது நீங்க. உங்களுக்குத் தெரியாம எனக்கு என்ன ரகசியம்?" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். பெட் ஸ்பேஸில் பக்கத்துக் கட்டில்காரன்தான் அண்ணன், தம்பி, டாக்டர் எல்லாம். உயிர் போகிற நேரத்தில் கூட இருக்கப்போகிறவனும் அவன்தான். அந்த நெருக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவருக்கும் எனக்கும் உள்ள நெருக்கம். அந்தப் பெண்ணுக்கு நான் யார்? இதைச் சொன்னதும் வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவகிட்ட நான் சொல்லியே இருக்கணும்" என்றார்.

அதிலிருந்து பொது இடத்தில் போன் சத்தம் கேட்டால் என் கவனம் வேறு பக்கம் போகிறது. துபாய் மெட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். கராமாக்காரர்களுக்கு ஏடிசிபி, புர்ஜுமான் நிலையங்கள். மாலையில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலில் ஒருவர் கையை முகத்துக்கு நேரே நீட்டி ஸ்பீக்கரில் பேசுவார். சுற்றி நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். "இங்கிதம் தெரியாதவன்" என்று எல்லோரும் அவரைத்தான் நினைப்போம். நான் இப்போது மறுமுனைக் குரலைக் கவனிக்கிறேன். "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கோவப்படக் கூடாது" என்று அது தொடங்கும்போது எனக்குப் பதறுகிறது. அந்தப் பெட்டியில் தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது அவளுக்குத் தெரியாதே!

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இருவர் பேசுவதை முழுசாகக் கேட்பதைவிட, போனில் ஒருவர் பேசுவதை மட்டும் பாதியாகக் கேட்பதுதான் நம் கவனத்தை அதிகம் கெடுக்கிறது என்று கண்டார்கள். விடுபட்ட பாதியை மனம் தானாக நிரப்பப் பார்க்கிறதாம். இந்தக் கணக்குப்படி ஸ்பீக்கரில் போட்டால் நமக்குத் தொல்லை குறைய வேண்டும், இரண்டு பக்கமும் கேட்கிறதே! ஆனால் எந்தப் பக்கம் நமக்குக் கேட்கவே கூடாதோ, அந்தப் பக்கம்தான் சபைக்கு வந்துவிடுகிறது. எனக்கு இது சத்தத்தைவிடப் பெரிய குற்றமாகப் படுகிறது.

முகத்துக்கு அமீரகச் சட்டத்தில் நல்ல காவல் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டம் 2022 ஜனவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 44ஆம் பிரிவின்படி, ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுத்து அவருடைய அந்தரங்கத்தில் தலையிட்டால் குறைந்தது ஆறு மாதச் சிறை, ஒன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. பொது இடம் என்று சொல்லித் தப்ப முடியாது. ஊரிலிருந்து வந்தவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. அறைக்குள் வீடியோ காலில் போனைச் சுற்றிக் காட்டும்போது, குளித்துவிட்டுத் துண்டோடு வருகிற அறைத்தோழர் யாருடைய வீட்டுக் கூடத்திலோ போய் நிற்கிறார். மெட்ரோவில், கடையில், ஆஸ்பத்திரி வரிசையில் பின்னால் இருக்கிற பெண்களும் அப்படியே. ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "படம் எடுக்கலையே அண்ணே, காட்டத்தானே செஞ்சேன்" என்றார். அந்தப் பக்கம் யாராவது பதிந்துகொண்டால் எடுத்ததற்கும் காட்டியதற்கும் என்ன வித்தியாசம்?

விமானத்துக்கு வருகிறேன். பறக்கும் விமானத்தில் கைப்பேசியில் பேசலாம் என்று முதன்முதலில் நடத்திக் காட்டியது துபாய்தான். 2008 மார்ச் 20 அன்று துபாயிலிருந்து காசாபிளாங்கா போன எமிரேட்ஸ் விமானத்தில், ஏரோமொபைல் என்ற நிறுவனத்தின் கருவி வழியாகப் பயணிகள் பேசினார்கள். அமெரிக்காவில் 1991 முதலே அதற்குத் தடை. தரையிலுள்ள கோபுரங்களின் வேலையைக் கெடுக்கும் என்பது அந்நாட்டு அதிகாரிகள் அப்போது சொன்ன காரணம். 2013இல் தடையைத் தளர்த்தப் பார்த்தபோது பயணிகளும் விமானப் பணிப்பெண்களும் எதிர்த்தார்கள். மூடிய இடத்தில் மணிக்கணக்கில் அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது என்றார்கள். 2020இல் அந்த யோசனையையே கைவிட்டார்கள். தொழில்நுட்பம் தடுத்ததைவிடப் பக்கத்து இருக்கைக்காரரின் காது தடுத்தது அதிகம்.

நம் திருச்சி, சென்னை விமானங்களில் வானத்தில் பேச்சு இல்லை. பேச்சு எல்லாம் கதவு மூடும்வரையிலும், சக்கரம் தரையைத் தொட்ட பிறகும்தான். பணிப்பெண் வந்து சொன்ன பிறகும், "வச்சிடுறேன், வச்சிடுறேன்" என்று சொல்லிக்கொண்டே போனை வைக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை ஏளனமாகப் பார்ப்பவர்களோடு நான் சேர மாட்டேன். இரண்டு வருடம் கழித்து வீட்டுக்குப் போகிறவனின் மனசு எங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஃபிளைட் மோடு என்பது வெறும் சடங்கு இல்லை. உயரம் ஏற ஏறக் கோபுரம் கிடைக்காமல் போன் தன் முழு பலத்தோடு தேடத் தொடங்கும். அந்த அலை விமானியின் ஹெட்போனில் இரைச்சலாக விழக்கூடும், அதுவும் அவர் கட்டுப்பாட்டு அறை சொல்வதைக் கவனித்துக் கேட்க வேண்டிய நேரத்தில். 2022 ஜனவரியில் அமெரிக்க விமான நிலையங்களின் அருகே புதிய 5ஜி அலைவரிசை வந்தபோது, விமானத்தின் உயரம் காட்டும் ரேடியோ கருவியை அது குழப்புமோ என்ற கவலையில் எமிரேட்ஸ் பல அமெரிக்க நகரங்களுக்குச் சில நாட்கள் பறக்கவே இல்லை. அது தரையில் இருந்த கோபுரங்களின் பிரச்சினை, நம் கையிலிருந்த போனால் வந்ததில்லை. என்றாலும் இந்தத் தொழிலில் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து வந்த எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 300 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்தார். உள்ளே புகை சூழும்போது ஒரு பயணி போனில் எடுத்த காட்சியை உலகமே பார்த்தது: மேலே இருந்த பைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், பணியாளர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடச் சொல்லிக் கத்துகிறார்கள். பாதுகாப்பு விளக்கம் நடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளிடம் இதைத்தான் நான் சொல்வது.

விதிகளை விடாப்பிடியாகச் சொல்கிற நான், ஒரு நாள் விதி பேசாமல் உட்கார்ந்திருந்தேன். துபாய் விமான நிலையத்தில் திருச்சி விமானத்துக்காகக் காத்திருந்தபோது, எதிர் வரிசையில் ஒரு பையன். இருபத்தைந்து வயது இருக்கும். போனில் அவன் அப்பாவின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. இவன் போய்ச் சேரும்வரை உடலை வைத்திருக்க முடியாத நிலை போலிருக்கிறது. ஊரில் யாரோ போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பறைச் சத்தமும் ஒப்பாரியும் அந்தக் காத்திருப்புக் கூடம் முழுக்கக் கேட்டன. யாரும் குறைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் போனை அதன் தாய் மெதுவாக வாங்கி அணைத்தாள். ஒரு வயதானவர் எழுந்து போய் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அங்கே மறுமுனையில் இருந்தவர்கள் அவனுக்காகவே, தெரிந்தே அந்தப் போனைப் பிடித்திருந்தார்கள். யாருடைய மானமும் அதில் போகவில்லை. சத்தம் கூடினால் தப்பு, குறைந்தால் சரி என்று அளந்து வைத்திருப்பவர்கள் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

ஊரிலும் இப்போது விதிகள் வந்துகொண்டிருக்கின்றன. கர்நாடக அரசுப் பேருந்துகளில் போனில் சத்தமாகப் பாட்டு வைக்க 2021இல் தடை வந்தது. ரயிலில் இரவு பத்து மணிக்கு மேல் உரக்கப் பேசக் கூடாது என்று 2022 ஜனவரியில் ரயில்வே அறிவுறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எல்லாம் நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் இவை எல்லாமே சத்தத்தையும் படத்தையும் பற்றியவை. தன் குரல் ஊர் முழுக்கக் கேட்கிறது என்று தெரியாமல் பேசிக்கொண்டிருக்கும் மறுமுனைக்காரருக்காக எந்த நீதிமன்றமும் பேருந்து நிறுவனமும் வந்து நிற்காது. அது பேசுகிறவன் பொறுப்பு. அவன் மட்டுமே செய்ய முடியும்.

வளைகுடாவுக்கு வருகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கராமா கடைகளில் சில திர்ஹாமுக்கு வயர் போட்ட இயர்போன் கிடைக்கும், ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். அது இல்லாமல் ஸ்பீக்கரில் போட வேண்டி வந்தால், எடுத்த உடனே "பக்கத்துல ஆள் இருக்காங்கம்மா" என்று சொல்லிவிடுங்கள்; எதைப் பேசலாம், எதை அப்புறம் பேசலாம் என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். ஊரில் இருக்கும் அம்மா, மனைவி, மகளே, நீங்களும் முதல் கேள்வியாக "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு முன்னால் "தனியா இருக்கியா" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.